பயிற்சிக் கருவிகளுக்கு ஓர் இடம்



'ஆகாசவாணி' என்னும் பெயரை 1935ஆம் ஆண்டிலேயே ஒரு வானொலி நிலையத்துக்குச் சூட்டிய ஊர் மைசூர். அவ்வூரின் பழைய மொகல்லாக்களில் நடந்து செல்லும் தமிழர் ஒருவர், 'கரடி மனை' என்று யாரேனும் சொல்லக் கேட்டால் சற்றே திகைத்து நிற்பார். அங்கே கரடி ஏதும் இல்லை. மல்லர்கள் பயிலும் கூடத்துக்குக் கன்னட மக்கள் வழங்கும் பெயர் அது. நம் பக்கத்தில் கோதா என்றும் தாலீம்கானா என்றும் வழங்கிவந்த இடமே அது. முன்னிருந்த கரடி மனைகளுள் பல இன்று இல்லை. எஞ்சியுள்ள சிலவற்றில் இன்னும் விடியற்காலையில் விளக்கு எரிகிறது. வீட்டிலோ கடைத்தெருவிலோ உடற்பயிற்சிக் கருவிகளை வாங்கி நிரப்பும் நம்மவர், அவற்றை எங்கே, எதில் வைப்பது என்று எண்ணுமுன் அக்கூடங்களில் ஒன்றை ஒருமுறை எட்டிப் பார்த்தல் நலம்.

வாயில் குறுகியது, தலை தாழ்த்தியே புகவேண்டும். நடுவே, எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பதப்படுத்திய செம்மண் களம். சுவரில் அனுமனின் உருவம். சுவரோரமாகக் கர்லாக்கட்டைகள், கதாயுதங்கள், கல் குண்டுகள். மண்ணைக் கொத்திப் புரட்டும் மண்வெட்டிக்கும் அங்கே ஒரு மூலை உண்டு. களத்தின்மேல் மட்டும் எப்பொருளும் கிடக்காது. அது அழகுக்காகச் செய்த ஏற்பாடன்று. அங்கே மனிதர் விழுகின்றனர். விழுவதே அங்கு நடக்கும் கல்வியில் பாதி. மனிதன் விழக்கூடிய இடத்தில் கட்டையோ கல்லோ கிடந்தால் விலா எலும்பு முறியும். ஆகவே கருவிகள் சுவருக்குரியன, தரை மனிதனுக்குரியது என்ற முறை தானாகவே அமைந்துவிட்டது. விஜயதசமியன்று மைசூர் அரண்மனை வளாகத்தில் ஜெட்டி மரபினர் வஜ்ரமுஷ்டிப் போர் புரிவதை நேயர்களிற் சிலர் கண்டிருக்கலாம். முதல் துளி இரத்தம் தோன்றிய கணமே அப்போர் நிறுத்தப்படும். அத்துணைக் கட்டுப்பாடுடைய மரபில் வளர்ந்தவர்கள், கருவியை எடுத்த இடத்தில் வைக்கும் பழக்கத்தைத் தனியே கற்பிக்கவேண்டிய ஒன்றாகக் கருதவில்லை.

தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் ஒன்று மந்தையில் கிடக்கும். அதற்குத் தாங்கியும் வேண்டா, அறையும் வேண்டா, மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை, திருடுவாரும் இல்லை. தூக்க முடிந்தவன் தூக்கிவிட்டுப் போவான். பயிற்சிக் கருவியைப் பாதுகாக்கும் தொல்லை, இரும்பு வந்த பின்னரே நம் நாட்டுக்கு வந்தது எனலாம். யூஜின் சாண்டோ என்னும் பலசாலி 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் காட்சிகள் நடத்திச் சென்ற பின்னர், இரும்புக் குண்டுகளும் சுருள்வில் கருவிகளும் நம் நகரங்களில் பரவின. மைசூர் சமஸ்தானத்தில் இப்புதிய முறையைப் பரப்பியவர்களுள் தலையாயவர் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்திய கே. வி. அய்யர். கன்னடத்தில் நாவலும் எழுதிய அவர், யோகாசனத்தையும் இரும்புப் பயிற்சியையும் பகையென்று எண்ணாதவர். அதே காலத்தில், 1933 முதல், மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்திவந்தார். ஆக, மண், இரும்பு, விரிப்பு ஆகிய மூன்று வகைப் பயிற்சியும் இந்த ஓர் ஊரில் ஒருங்கே தழைத்தன. மூன்றுக்கும் வேண்டிய பொருள்கள் வேறு. அவற்றைக் காக்கும் முறைகளும் வேறு.

இனி, நம் வீட்டுக்கு வருவோம்.

அலுவல் மாற்றத்தால் மைசூருக்கோ புணேக்கோ தில்லிக்கோ வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். கல்லூரியில் பயிலும் மகன் இரும்பு டம்பெல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறான். இரண்டரைக் கிலோவில் தொடங்கி, இரண்டரை இரண்டரையாக ஏறிப் பதினைந்து கிலோ வரை ஆறு சோடிகள். கூட்டிப் பார்த்தால் 105 கிலோ ஆகிறது. ஏறக்குறைய இரண்டு நெல் மூட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தாற் போன்ற பாரம். நெல் மூட்டையை நடைவழியில் போட ஒருவரும் சம்மதியார்; டம்பெல் சிறியதாகத் தோன்றுவதால் கட்டிலடியிலும் கதவிடுக்கிலும் தங்கிவிடுகிறது. இரவில் தண்ணீர் குடிக்க எழும் பாட்டியின் கால் விரல், தவழும் குழந்தையின் கை ஆகிய இவ்விரண்டையுமே நாம் முதலில் நினைக்கவேண்டும். மகனுடைய வசதி அதற்குப் பின்னரே.

உருண்டைத் தலையுடைய டம்பெல் உருளும். அறுகோணத் தலையுடையது உருளாது. சிறு குழந்தையுள்ள வீட்டில் முன்னதை வாங்கவே வேண்டா என்பது எமது கருத்து. அடுத்து, பரண்மேல் இரும்பை ஏற்றலாகாது. நம் தாய்மார்களுக்குப் பரண் என்பது அடிக்கடி வேண்டாதவற்றுக்கெல்லாம் புகலிடம். மகன் பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் டம்பெல்கள் தீபாவளிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் பரணேறிவிடுகின்றன. ஏற்றும்போது ஒருவர் கீழிருந்து கொடுக்கிறார். இறக்கும்போது ஒருவரே முக்காலிமீது நின்று இழுக்கிறார். பத்துக் கிலோ இரும்பு ஏழடி உயரத்திலிருந்து இறங்கும் வேளையில் கீழே யார் நிற்பார் என்று சொல்ல முடியாது.

தாங்கி வாங்குவோர் அதன் உயரத்தையும் கால்களையும் பார்த்து வாங்க வேண்டும். மிகப் பாரமானவை முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமைவது நன்று. தரையிலிருந்து குனிந்து எடுக்கும்போது முதுகெலும்பும், தலைக்கு மேலிருந்து எடுக்கும்போது தோளும் வருந்தும். இலேசானவை மேல் தட்டில் இருக்கலாம், ஆயினும் மார்புக்கு மேலே வேண்டா. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். நம் வீடுகளில் நாள்தோறும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறோம். ஒரு சாண் இடைவெளி இருந்தால் துடைப்பம் உள்ளே சென்று வரும். இல்லையேல் ஈரம் அடியில் தங்கி இரும்பு துருப்பிடிக்கும், துரு தரையில் இறங்கிச் சிவந்த வட்டமாகப் பதியும். வீட்டைக் காலி செய்யும் நாளில் வீட்டுக்காரர் அவ்வட்டத்தைச் சுட்டிக் காட்டி முன்பணத்தில் கை வைப்பார். இது வெளியூர் வாழ்வில் நாம் அனைவரும் அறிந்த கணக்கே.

மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகை அலமாரிகளை இதற்குப் பயன்படுத்தலாகாது. அவை ஈரத்தில் உப்பும். பாரத்தில் நடுவே தொய்யும். தொய்ந்த பலகையில் யாவும் நடுவை நோக்கிச் சரியும். கடைகளில் சரக்கு அடுக்குவதற்குப் பயன்படும் துளையிட்ட இரும்புச் சட்ட ஸ்டாண்டு, விலை குறைந்ததாயினும் உழைக்கும். அதன் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்தல் வேண்டும். அல்லது அகலத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்தல் வேண்டும். குழந்தை பற்றி ஏறினாலும் சாயாதிருப்பதே அதற்குரிய சோதனை.

சுவரைப் பற்றி ஒரு சொல். மைசூரின் பழைய ஓட்டு வீடுகளில் மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள் உண்டு. புதிய குடியிருப்புகளில் உள்ளே பொள்ளலான சிமெண்டுக் கட்டிகளால் எழுப்பியவை உண்டு. இரண்டிலும் சாதாரண போல்ட்டு நிலைத்து நிற்காது. புடவையை உலர்த்தும் கொடியைத் தாங்கும் ஆணி, பார்பெல்லையும் தாங்கும் என்று கருதுவது பேதைமை. வாடகை வீட்டில் துளையிட அனுமதியும் எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் செல்வோர், தன் காலில் தானே நிற்கும் ஸ்டாண்டையே நாடவேண்டும். அதிலும் பற்றவைத்து ஒன்றாக்கியதை விடுத்து, ஒரே ஸ்பானரால் கழற்றிப் பூட்டத்தக்கதைத் தேர்ந்தால் அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது அதன் அருமை தெரியும்.

பார்பெல் வாங்குவோர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்குதல் நலம். ஆடவர் போட்டிக்குரிய தண்டு 2.2 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உடையது, மகளிர்க்குரியது 2.01 மீட்டர், 15 கிலோ. செங்குத்தாக நிறுத்தி வைத்தால் இடம் மிச்சம் என்று விற்பவர் கூறுவார். உண்மைதான், ஆனால் குழலிலிருந்து அதை உருவும்போது அதன் நுனி இன்னும் மேலே செல்லும். நம் அறைகளின் நடுவே மின்விசிறி சுழல்கிறது. மேலே ஓர் இறக்கையைத் தட்டிவிட்டால் போதும். மற்றதை விவரிக்கத் தேவையில்லை. மூலையில், விசிறிக்கு எட்டாத தொலைவில் நிறுத்தலாம். இயலாதாயின் ஸ்டாண்டின் பக்கவாட்டில் படுக்கையாகத் தாங்கவைக்கலாம்.

எடைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்குவோர் பலர். அடித் தட்டு வேண்டுமென்றால் மேலுள்ள நான்கையும் தூக்கவேண்டும். திரும்ப வைக்கும்போது இடுக்கில் விரல் நசுங்கும். கொம்புகளையுடைய தாங்கியில் நிமிர்த்தி மாட்டுவதே சரி. பெரியவை கீழ்க் கொம்பில், சிறியவை மேற்கொம்பில், இரு பக்கமும் சமமாக. ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் தாங்கி மறுபக்கம் கவிழும். தராசு பார்த்துப் பழகிய மளிகைக் கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போட்டித் தட்டுகளில் சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 என்று நிறமே எடையைச் சொல்லும். வீட்டுத் தட்டுகளுக்கும் அவ்வாறு வண்ணம் தீட்டிவிட்டால், எழுத்தறியாத சிறுவனும் எடுத்ததை உரிய இடத்தில் வைப்பான்.

துருவைப் பற்றிச் சொன்னோம். மைசூர், கடலுக்குத் தொலைவில், ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மும்பையிலும் கொச்சியிலும் வீசும் உப்புக் காற்று இங்கு இல்லை. ஆயினும் வைகாசி இடிமழையும் ஐப்பசி மழையும் வரும் வாரங்களில் காற்று ஈரமாகிறது. மேலும், உப்பு நம் உடலிலேயே இருக்கிறது. வியர்வை பட்ட தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை தையல் இயந்திர எண்ணெயைத் துளியளவு தடவி, மிகுந்ததைத் துடைத்தெடுத்துவிட்டால் ஆண்டுகள் பல உழைக்கும். தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ள நம் நேயர்கள் இதை நாள்தோறும் செய்ய வேண்டியிருக்கும். வண்ணம் பூசிய இரும்பையோ ரப்பர் உறையிட்டதையோ அவர்கள் தேர்வது நன்று. ரப்பருக்கு எண்ணெய் பகை, வெயிலும் பகை. இழுவைப் பட்டைகளைச் சன்னலோரம் தொங்கவிட்டால் வெடித்து அறுந்துபோகும். அறும் பட்டை கண்ணைத் தாக்கும். யோகாசன விரிப்பும் அவ்வாறே. மைசூர் கோகுலம் பகுதியில் உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்து யோகம் பயில்வோரைக் காணலாம். வியர்வையோடு சுருட்டிய விரிப்பு நாறும். ஒரு கழியில் நிழலில் உலரவிட்டுப் பின்னர் சுருட்டுவதே முறை.

கர்லாக்கட்டை வைத்திருப்போர் இன்னும் சிலர் உளர் என்று அறிகிறோம், மகிழ்ச்சி. அதற்கு அடிப்புறம் தட்டையாதலால் தானே நிற்கும். மண் தரையிலோ சுவரை ஒட்டியோ நிறுத்தினால் கறையான் ஏறிவிடும். ஒரு கருங்கல் பலகைமேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். கதாயுதத்தைத் தலை கீழாகவும் பிடி மேலாகவும் மூலையில் சார்த்துங்கள். பிடியின் மூங்கில் வெடித்திருக்கிறதா என்று எடுக்கும்போதெல்லாம் பார்த்தல் வேண்டும்.

இனி, பணம் முதலிட்டு உடற்பயிற்சிக் கூடம் திறப்போர். இன்று 'ஜிம்' என்றே எங்கும் வழங்குகிறது. நம் இளைஞருள் சிலர் பிற மாநிலங்களில் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். ஊரிலிருந்த காணியை விற்று இறங்குவோரும் இருக்கலாம். அவர்கள் முதலில் காணவேண்டியது கட்டடத்தின் தளம். இரண்டரைக் கிலோ முதல் முப்பது கிலோ வரை பன்னிரண்டு சோடி டம்பெல்கள் 390 கிலோ ஆகும். அவற்றைத் தாங்கும் ஸ்டாண்டின் எடை வேறு. இவை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட அகலமும் உள்ள இடத்தில், அதாவது ஒரு சதுர மீட்டருக்குள், அடங்கிவிடும். நம் நாட்டுத் தரவிதியான ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைக்குக் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆக, வீடாகக் கட்டிய மாடியை வாடகைக்குப் பிடித்து ஜிம் ஆக்குவோர், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துத் தளத்தைக் காட்டிவிட்டே முன்பணம் தரவேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவென்று கருதுவோரிடம் நாம் வாதிடப் போவதில்லை. கீழ்த்தளம் கிடைத்தால் வாடகை கூடினாலும் அதுவே மேல். மாடிதான் என்றால், பாரமான ஸ்டாண்டுகளை அறையின் நடுவில் ஒருங்கே குவிக்காமல் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் அருகே பிரித்து அமைக்கச் சொல்வார். அவர் சொல்லும் இடத்திலேயே வையுங்கள்.

'எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கவும்' என்று கூடத்தில் எழுதித் தொங்கவிடுகின்றனர். எழுத்து மட்டும் பயன்படாது. பயிற்சி முடித்து மூச்சு வாங்கும் மனிதன், பத்தடிக்கு அப்பாலுள்ள தாங்கியைத் தேடிச் செல்லான். அருகில் தரை இருக்கிறது, அங்கேயே விட்டுவிடுவான். அவனைக் கடிந்து பயனில்லை. எடைத் தட்டுகளின் தாங்கியை அவை பயன்படும் பெஞ்சின் பக்கத்திலேயே வைத்துவிட்டால், குனிந்து தரையில் வைப்பதைவிட அதில் மாட்டுவது அவனுக்கு எளிதாகிவிடும். பெரிய தாங்கி ஒன்றைக் கண்ணாடிக்கு முன் காட்சிப் பொருளாக நிறுத்துவதைவிட, சிறியவை மூன்றை மூன்று மூலைகளில் அமைப்பது சிறந்தது. தாங்கியின் ஒவ்வொரு குழியிலும் எடையை இலக்கத்தால் பெரிதாக எழுதிவிடவேண்டும்; மைசூரில் கன்னடத்தாரும் தமிழரும் உருது பேசுவோரும் வந்து பயில்வர், இலக்கம் எல்லார்க்கும் பொது. கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடாத கூடங்களில் கண்ணாடி நெடுநாள் நிற்பதில்லை. நடைவழி மூன்றடி அகலம் எப்போதும் காலியாக இருக்கட்டும். வெளியேறும் கதவின் முன் காலணித் தாங்கியை வைக்கும் வழக்கம் அறவே கூடாது. பைகளுக்கும் துவாலைகளுக்கும் வாயிலருகே தனித் தட்டுகள் தேவை. அவை இல்லையேல் பைகள் பெஞ்சின் அடியில் வந்து சேரும், அதில் ஒருவர் கால் சிக்கும், அப்போது அவர் கையில் முப்பது கிலோ இருக்கும்.

ஆயுத பூசையன்று இக்கூடங்களிலும் வீடுகளிலும் கருவிகள் அனைத்தையும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மைசூரில் அந்நாளின் பொலிவைச் சொல்லவேண்டியதில்லை; அரண்மனை வாள் முதல் ஆட்டோ ரிக்‌ஷா வரை மாலை சூடி நிற்கும். தளர்ந்த போல்ட்டு, வெடித்த பட்டை, தொய்ந்த தட்டு யாவும் அன்று கண்ணுக்குப் படும்; எண்ணிக்கை குறைந்திருந்தாலும் தெரிந்துவிடும். பூசைக்குப் பின் மறுநாள் பொட்டுகளைத் துடைத்தெடுத்து எண்ணெயிடுதல் வேண்டும். ஈரச் சந்தனம் உலர்ந்த இடத்தில், அடுத்த மாதம் அதே வடிவில் துரு நிற்பதைக் கண்டிருக்கிறோம்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டதென்றால், இரும்பை ஒரே பெட்டியில் நிரப்பாதீர்கள். ஒரு பெட்டியில் இருபது கிலோவுக்கு மேற்படாதிருக்கட்டும். எடையை வெளியே எழுதிவிடுங்கள். லாரியில் சுமை ஏற்றும் தொழிலாளி, சிறிய பெட்டிதானே என்று ஒரு கையால் இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரலாகாது. பெட்டிகள் லாரியின் அடித்தட்டில், முன்புறச் சுவரை ஒட்டிப் போகவேண்டும். ஸ்டாண்டைக் கழற்றியதும் போல்ட்டுகளையும் நட்டுகளையும் ஒரு துணிப்பையில் இட்டு, ஸ்பானரையும் அதனுடன் சேர்த்து, அச்சட்டத்திலேயே இறுகக் கட்டிவிடுங்கள்.